பிக்கப்புக்குப் பெரிய டயரும் சம உயரமும்: செட்டிநாட்டுச் சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கும் திருமயத்துக்கும் போகிற பெரிய சாலையில் மட்டுமே ஓடும் பிக்கப்புக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த டயரே போதும். கல்லல் பக்கம் தோப்புக்குள் இறங்கும் வண்டி, ஐப்பசி மழையில் கண்மாய்க்கரை மேல் ஏறும் வண்டி, ஆத்தங்குடிக் கல்லை ஏற்றிக்கொண்டு செம்மண் சரளையில் ஊர்ந்து வரும் வண்டி, இவற்றுக்குத்தான் டயரையும் உயரத்தையும் மாற்றும் இந்த வேலை தேவை. முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் டயரை வாங்கி வைத்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். அது தலைகீழ் வரிசை. முதலில் சுமையைப் பாருங்கள், பிறகு சட்டத்தை, பிறகு டயர் அளவையும் உயரத்தையும். டயர் வாங்குவது கடைசியில் வரட்டும்.

படி 1: எடைமேடையில் அளந்து பாருங்கள்

காலியாக நிற்கும் பிக்கப் ஏன் முன்பக்கம் தாழ்ந்து தெரிகிறது? பின்னால் சரக்கு ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருக்கிறது. அது குறையல்ல. முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்கு முழுக்கச் சமமாக்கினால், முக்கால் லோடு ஏறியதும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் லேசாகிவிடும், எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும்.

ஆகவே முதலில் அளவு. நெல் காயவைக்கும் களம் சமமாகத் தெரிந்தாலும், தண்ணீர் வடிவதற்காக லேசாகச் சரித்துக் கட்டியிருப்பார்கள். அதில் வைத்து அளக்காதீர்கள். புதுவயலில் அரிசி ஆலைகளை ஒட்டி இருப்பது போன்ற எடைமேடை நல்ல இடம். நான்கு டயருக்கும் சரியான காற்று இருக்கட்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். காலியாக ஒரு முறை, வழக்கமாக ஏற்றும் சரக்கோடு ஒரு முறை. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினால் முன் ஆக்சில் எடை தனியாகத் தெரிந்துவிடும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

காலியில் முன்னுக்கும் பின்னுக்கும் 50 மி.மீ. வித்தியாசம் இருந்தால் 20, 25 மி.மீ. சரிசெய்தால் போதும் என்பது என் கருத்து. தினமும் லோடு அடிக்கிற வண்டியென்றால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

படி 2: ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அதனால் பத்திரமான வழி ஒன்றுதான். உங்கள் மாடலிலேயே வேறொரு ரகத்துக்குக் கம்பெனி கொடுக்கிற டயர் அளவைத் தேர்ந்தெடுங்கள். உயரத்தை மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள்; விபத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் பேச்சே வேறு. சரக்கு வண்டியென்றால் எஃப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் சக்கரத்தைத்தான் முதலில் குனிந்து பார்ப்பார்.

படி 3: டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

255/60 ஆர்18 டயரோடு வந்த ஐசுஸு வி-கிராஸை எடுத்துக்கொள்வோம். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 153 மி.மீ. ரிம் 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழும் சேர்ந்து 306. மொத்த விட்டம் ஏறக்குறைய 763 மி.மீ.

265/60 ஆர்18 போட்டால் விட்டம் 775 ஆகும். 12 மி.மீ. கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதி, 6 மி.மீ. மட்டுமே. 265/65 ஆர்18 என்றால் 802. தரையிலிருந்து 19 மி.மீ. கூடுதல் கிடைக்கும், ஆனால் விட்டம் ஐந்து சதவீதம் பெருகிவிடும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84-இல் ஓடிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கும் குறைத்தே காட்டும், மைலேஜும் இழுவையும் கொஞ்சம் இறங்கும், கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக் அதிகம் உழைக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர் மூன்று சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

அளவுக்குப் பக்கத்திலேயே 112 போன்ற ஓர் எண் இருக்கும். அது சுமைக் குறியீடு. 112 என்றால் அந்த ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். புது டயரில் இந்த எண் பழையதைவிடக் குறையவே கூடாது. தோற்றத்துக்காகக் கார் டயரைப் பிக்கப்பில் மாட்டுவது ஆபத்து. டயர் பிறந்த தேதியையும் பாருங்கள்: 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

நம் பகுதிக்குச் சேற்று டயர் தேவையில்லை. தார்ச்சாலையில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும். எல்லாத் தரைக்கும் ஏற்ற ஏ.டி. டயர் போதும். இங்கே டயருக்கு முதல் எதிரி சேறல்ல, சீமைக்கருவேல முள். தரையில் படும் பட்டன் பகுதியில் ஏறினால் டியூப்லெஸ் டயரில் பஞ்சர் போட்டுவிடலாம். பக்கச்சுவரில் கிழித்தால் டயரே போய்விடும். ஆகவே கடைக்காரரிடம் பக்கச்சுவர் எத்தனை அடுக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

படி 4: முன்பக்கத்தை உயர்த்துதல்

வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் முன்னால் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக நிற்கும். அதன் தலைக்கு மேல் ஒரு கனத்த வட்டை வைத்து உயர்த்துவது செலவு குறைந்த முறை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) நடுப்பக்கம், சக்கரம் இருப்பதோ அதன் நுனியில். அதனால் 10 மி.மீ. வட்டை வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 20 மி.மீ. உயரம் வரும். இது தெரியாமல் 25 மி.மீ. வேண்டுமென்று 25 மி.மீ. வட்டையே வைத்துவிட்டால் மேல்கை (அப்பர் ஆர்ம்) ஒரேயடியாகச் சாய்ந்து நிற்கும், பால் ஜாயிண்ட் சீக்கிரம் ஆடிப்போகும், நான்கு சக்கர இழுவை வண்டியில் ஆக்சில் ரப்பர் பூட் கிழியும்.

நல்ல முறை, அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஜோடியாக மாற்றுவது. செலவு அதிகம், ஓட்டம் சுகம். முன்பக்கம் டார்ஷன் பார் உள்ள பழைய வண்டிகளில் போல்ட்டைத் திருகியே உயர்த்தலாம். முன்னாலும் பட்டையே இருக்கிற வண்டிக்கு இந்த வட்டு பொருந்தாது.

ஷாக்கின் தலையில் நடுவில் இருக்கும் நட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போகும். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி உள்ள பட்டறையில்தான் இந்த வேலை நடக்க வேண்டும். வண்டி ஜாக்கியில் மட்டும் நின்றால் அடியில் யாரும் படுக்கக்கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

படி 5: பின்பக்கப் பட்டை

லோடு ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது என்றால் பட்டறையில் ஒரு பட்டை சேர்க்கச் சொல்வார்கள். பழைய பட்டை தளர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். பட்டை சேர்ப்பதால் காலி வண்டி தூக்கிப் போடும். ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடையும் அதனால் கூடிவிடாது. யூ போல்ட்டைக் கழற்றினால் புதியதையே போடுங்கள்.

படி 6: மாட்டிய பின் உரசல் சோதனை

நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கடைசியில் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை இடது ஓரம், வலது ஓரம் முழுக்க ஒடித்து முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். ஒரு முன்சக்கரத்தை வரப்பு மேல் ஏற்றி மறுபடி ஒடியுங்கள். சமதரையில் உரசாத டயர் இங்கேதான் உள்பக்க பிளாஸ்டிக்கிலும் மட்பிளாப்பிலும் தேய்க்கும். தேய்த்தால் அளவு பெரிது என்று அர்த்தம். மட்கார்டை வெட்டி இடம் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

படி 7: அலைன்மென்ட்டும் விளக்கும்

முன்பக்கம் உயர்ந்ததும் சக்கரத்தின் மூன்று கோணங்களும் மாறும். அலைன்மென்ட் செய்யாவிட்டால் புது டயர் ஓரத்தில் மட்டும் தேய்ந்து சில மாதங்களில் வீணாகும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. வேலை முடிந்த அன்றே ஒரு முறை, ஸ்பிரிங் படிந்தபின் சில நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை செய்யுங்கள். அச்சிட்ட அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

விளக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரவில் டூவீலரில் எதிரே வருகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. செட்டிநாட்டில் நீண்ட மதிலுக்குப் பஞ்சமில்லை. சமதரையில், மதிலிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் மைய உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். லோடு ஏற்றியும் ஒரு முறை பாருங்கள்.

படி 8: முதல் ஆயிரம் கிலோமீட்டர்

50, 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். சித்திரை வெயிலில் ஓடி வந்த டயர் நாலைந்து பவுண்டு கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிட்டால் குளிர்ந்தபின் குறைந்துபோகும். குறைந்த காற்றில் லோடு அடிப்பதுதான் டயர் வெடிக்க முக்கியக் காரணம்.

ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குங்கள். வாங்கும் முன், வண்டியின் அடியில் அது தொங்கும் இடத்தில் பெரிய டயர் நுழைகிறதா, சைலன்சரில் முட்டாமல் நிற்கிறதா என்று மாட்டிப் பாருங்கள். சிறிய ஸ்டெப்னியோடு நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டினால் கியர் பெட்டிக்குள் செலவு வந்துவிடும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சக்கரங்களை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் அந்தச் சுற்றில் சேர்த்துவிட்டால் ஐந்தும் ஒரே அளவில் தேயும்.