எக்ஸ்ரே எடுத்துட்டேன்... கருவைக் கலைக்கணுமா?

சேந்தமங்கலத்திலிருந்து ஒரு வாசகி பதறிப்போய் எழுதியிருக்கிறார். விடாத இருமலுக்காக மார்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். பிறகுதான், அப்போதே ஆறு வாரக் கர்ப்பம் என்று தெரிந்திருக்கிறது. "ஊனமா பொறந்துட்டா என்ன பண்றது, இப்பவே கலைச்சுப்போடலாம்னு மாமியார் சொல்றாங்க. என்ன செய்யட்டும் டாக்டர்?" என்று கேட்கிறார்.

கலைக்க வேண்டாம் சகோதரி! ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பயம் எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அணுசக்தி வேலைகள் பெருகின. கூடவே, கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்ற கேள்வியும் எழுந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ரஸ்ஸல், லியான் ரஸ்ஸல் தம்பதி 1947 முதல் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். சினை எலிகளுக்கு அதிக அளவில் எக்ஸ்ரே கொடுத்தபோது குட்டிகள் ஊனமாகப் பிறந்தன. கதிர் பட்ட நாளில் எந்த உறுப்பு உருவாகிக்கொண்டிருந்ததோ, அதுதான் பாதிக்கப்பட்டது. கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே என்றாலே டாக்டர்கள் யோசிப்பது இதனால்தான்.

நம் நாட்டில்...

1954-ல் பம்பாய் டிராம்பேயில் ஹோமி பாபா அணுசக்தி நிலையம் தொடங்கினார். அங்கே உயிரியல் ஆய்வுகளை வழிநடத்தியவர் ஏ.ஆர். கோபால் அய்யங்கார். கேரளத்தின் கொல்லம் கடற்கரையிலும், நம் மணவாளக்குறிச்சியிலும் மணலிலேயே தோரியம் கலந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் கூடுதல் கதிர்வீச்சில் வாழ்கிறார்கள். இந்தக் கேரளக் கடற்கரையை ஆராய வேண்டும் என்று 1959-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சொன்னது.

1976-ல் அங்கே டவுன் நோய்க்குறி அதிகம் என்று ஓர் ஆய்வு வெளியாகி, பெரிய சர்ச்சையானது. ஆனால் 1995 முதல் 2011 வரை அந்தப் பகுதி ஆஸ்பத்திரிகளில் பிறந்த 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் பரிசோதித்தபோது, மணலின் கதிர்வீச்சால் பிறவி ஊனம் கூடியதாகத் தெரியவில்லை.

அளவுதான் முக்கியம்!

கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்று அளக்கிறார்கள். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேர்வது 0.01-க்கும் குறைவு. எக்ஸ்ரேயே எடுக்காவிட்டாலும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் கர்ப்ப காலத்தில் அதைவிடப் பல மடங்கு வந்து சேரும். 100-க்குக் கீழே இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது சரியல்ல என்கிறது சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம். உங்களுடையது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எக்ஸ்ரேயே எடுக்காத கர்ப்பிணிகளிலும் நூற்றுக்குச் சுமார் 3 குழந்தைகள் ஏதாவது குறையோடு பிறக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

அதற்காக அலட்சியமும் கூடாது. கர்ப்பத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் அதிகம் என்று 1956-லேயே இங்கிலாந்தின் டாக்டர் ஆலிஸ் ஸ்டூவர்ட் எச்சரித்தார்.

கவனிக்க வேண்டியவை

* நாள் தள்ளிப்போயிருந்தால், எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். கூச்சம் வேண்டாம்.

* வயிறு, இடுப்பு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் என்றால், "இது இப்பவே அவசியமா டாக்டர்?" என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

* கர்ப்பத்தில் வழக்கமாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு ஒலி அலைதான். அதில் கதிர்வீச்சு கிடையாது.

* எக்ஸ்ரே எடுப்பவர் சட்டையில் சிறு பேட்ஜ் இருக்கும். அவர்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைக்கும். நோயாளிக்கு அப்படி பேட்ஜ் இல்லை. பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருந்து காட்டினால், திரும்பத் திரும்ப எடுப்பது குறையும்.

சகோதரி, இருமலுக்கு அந்த எக்ஸ்ரே தேவைதான். படத்தை உங்கள் மகப்பேறு டாக்டரிடம் காட்டி, இருமலுக்கு ஒழுங்காக மருந்து சாப்பிடுங்கள். நிம்மதியாகப் பிள்ளையைப் பெற்றெடுங்கள்!