ஓர் ஊரின் நன்மை பல ஊர்களுக்குப் பரவுவது எப்படி? – ஆனந்த் பால் சங்கங்கள் தரும் பாடம்

கிராமங்களில் நற்பணி செய்யும் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் பல உண்டு. ஓர் ஊரில் பணி சிறப்பாக நடக்கும். அதையே பத்து ஊர்களுக்கு விரிவாக்கும்போது பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சுவதும் உண்டு. பலன் குறையாமல் பணி பரவுவதற்கு வழி என்ன? குஜராத் மாநிலம் ஆனந்தில் தோன்றிய பால் கூட்டுறவு சங்கங்களின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது.

தொடக்கம்

அன்றைய கைரா மாவட்டத்துப் பால் பம்பாய் நகருக்குச் சென்றது. அதை வாங்கி அனுப்பும் உரிமை ஒரே தனியார் நிறுவனத்திடம் இருந்தது. நகரில் பால் நல்ல விலைக்கு விற்றும், எருமை வளர்த்தவருக்கு உரிய பங்கு வந்து சேரவில்லை. சர்தார் வல்லபபாய் படேல் கூறிய ஆலோசனையின்படி விவசாயிகள் ஒன்றுகூடினர். 1946-ஆம் ஆண்டு 15 நாட்கள் பால் கொடுக்க மறுத்தனர். அதே ஆண்டு டிசம்பர் 14-இல் மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவரானார். இரண்டு கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால், தொடக்கம் இவ்வளவே.

1949-இல் ஆனந்துக்கு வந்த பொறியாளர் வர்கீஸ் குரியன் பின்னர் ஒன்றியத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். அப்போது மிஞ்சும் பாலுக்கு விலை இராது. எருமைப் பாலிலிருந்து பவுடர் தயாரிக்கும் முறையை எச்.எம். தலாயா வகுத்தார். அதற்கான ஆலை 1955-இல் திறக்கப்பட்டது. மிகுதிப் பாலுக்கும் வழி பிறந்தது.

சங்கம் நடந்த முறை

காலை, மாலை இரு வேளையும் பால் பெறப்பட்டது. ஒவ்வொருவர் பாலும் அனைவரும் பார்க்க அளக்கப்பட்டது. கொழுப்புச் சத்து சோதிக்கப்பட்டு அதன்படி விலை தரப்பட்டது. காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் பணம் கைக்கு வந்தது. ஓர் எருமை வைத்திருப்பவருக்கும் பத்து எருமை வைத்திருப்பவருக்கும் ஒரே ஒரு ஓட்டுதான். கால்நடை மருத்துவம், செயற்கை முறைக் கருவூட்டல், கலப்புத் தீவனம் ஆகியவற்றையும் ஒன்றியமே அளித்தது. ஆண்டு இறுதியில் லாபத்தில் ஒரு பங்கு போனஸாக உறுப்பினர்களுக்கே திரும்பியது.

பிரதமர் கண்ட உண்மை

1964 அக்டோபரில், தீவன ஆலை திறப்பு விழாவுக்கு வந்த பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அதற்கு முந்தைய இரவு அஜர்பூரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் தங்கினார். ஊராருடன் நெடுநேரம் பேசினார். இங்குள்ள மண்ணோ, மழையோ, எருமையோ மற்ற இடங்களைவிட மேலானதல்ல. பால் பண்ணை விவசாயிகளுக்கே சொந்தமாக இருப்பதுதான் வேற்றுமை என்று அவர் கண்டதாகக் குரியன் பின்னாளில் எழுதியுள்ளார். இதன் விளைவாக 1965-இல் தேசிய பால்வள வாரியம் ஆனந்திலேயே அமைக்கப்பட்டது.

பரவிய விதம்

1970-இல் 'ஆபரேஷன் பிளட்' திட்டம் தொடங்கியது. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கும் பால் தரும் மாவட்டங்கள் முதற்கட்டத்தில் சேர்க்கப்பட்டன. வாரியத்தின் குழுக்கள் மாவட்டங்களுக்குச் சென்று தங்கி, முன்மாதிரிச் சங்கங்களை அமைத்தன. உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தன. விவசாயிகள் ஆனந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு நேரில் பார்த்தனர்.

பணம் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய நாடுகள் பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் நன்கொடையாக அளித்தன. அவற்றை இலவசமாகக் கொட்டியிருந்தால் நம் நாட்டுப் பாலின் விலை சரிந்திருக்கும். அதனால் அவை உள்ளூர்ப் பாலின் விலை கெடாதபடி விற்கப்பட்டன. அந்தத் தொகை சங்கங்களையும் பால் பண்ணைகளையும் அமைக்கச் செலவாயிற்று. தானம் தின்று தீராமல் முதலாக நின்றது.

தமிழகத்தில் 1981-இல் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு இணையம் இதே மூன்றடுக்கு முறையில் அமைந்தது. கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்பவையே அந்த மூன்றடுக்கு. இணையத்தின் பால் 'ஆவின்' என்ற பெயரில் விற்பனையாகிறது. 1996-இல் திட்டம் முடிந்தபோது நாட்டில் 70,000-க்கும் மேற்பட்ட கிராமச் சங்கங்கள் இருந்தன. 1998-இல் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் பெற்றது.

குறைகளும் உண்டு

எல்லா இடத்திலும் பலன் ஒன்றுபோல் இல்லை. தமிழகம் உட்படச் சில மாநிலங்களில் சங்கத் தேர்தல் பல ஆண்டுகள் நடக்காமல், தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்திய காலம் உண்டு. கட்டடமும் குளிர்பதன இயந்திரமும் போய்ச் சேர்ந்தன. விவசாயியின் உரிமை அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. மாட்டைப் பராமரிப்பவர் பெண்ணாக இருக்க, உறுப்பினர் புத்தகம் ஆணின் பெயரில் இருப்பதும் இன்றும் காணப்படும் குறையே.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

பால் சங்கமாயினும், விதை, கடன் அல்லது விற்பனைக்கான அமைப்பாயினும், ஊருக்குள் வரும்போது கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிவது நல்லது.

1. அளவும் தரமும் உறுப்பினர் கண்ணெதிரே சோதிக்கப்படுமா?
2. பணம் எந்த நாளில், எந்தக் கணக்கின்படி கிடைக்கும்?
3. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் உறுப்பினருக்கு உரிமை உண்டா?
4. வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படிக்கப்படுமா?
5. உழைக்கும் பெண்கள் தம் பெயரிலேயே உறுப்பினராகலாமா?
6. வெளியிலிருந்து வந்தவர் திரும்பிச் சென்றபின் வேலையைத் தொடர ஊரில் ஆள் பழக்கப்படுவாரா?

இந்த ஆறுக்கும் தெளிவான பதில் இருந்தால் சேரலாம். இல்லையெனில், எத்தனை ஊர்களில் கிளை இருந்தாலும், பதில் கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது.