பழகாத காலுக்கு ஒரு பாடவேளை

'மைதான்' திரைப்படம் 2024இல் வந்த பிறகு, சையது அப்துல் ரஹீம் என்ற பெயர் என் மாணவர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கிறது. இந்தியக் கால்பந்து அணியின் புகழ்பெற்ற பயிற்றுநர். ஆனால் அவர் நம்மைப் போலப் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்று சொன்னால் ஆசிரியர்களே வியக்கிறார்கள்.

1909இல் ஹைதராபாத்தில் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, காச்சிகுடா நடுநிலைப் பள்ளியில் ஆசிரியரானார். உள்ளூர்க் கழகங்களில் கால்பந்தும் ஆடினார். பிறகு உடற்கல்வியில் பட்டயம் பெற்று, தாம் பணியாற்றிய பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். 1950 முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநர். அந்த அணி 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்சியில் இந்திய அணி 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது.

என்னைக் கவர்ந்தது பதக்கங்களைவிட அவருடைய பயிற்சி முறைதான். பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும், பந்து வந்ததும் ஒரே தொடுதலில் அடுத்தவருக்குத் தந்துவிட வேண்டும் என்றெல்லாம் விதி வைத்துப் போட்டிகள் நடத்தியிருக்கிறார்.

இதை ஏழாம் வகுப்பில் செய்து பார்த்தேன். நாற்பது பேருக்கு இரண்டு பந்துகள். பழகாத காலில் ஒரு ரிப்பன் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கால் மட்டுமே பந்தைத் தொடலாம். முதல் வாரம் ஒரே சிரிப்பு. மூன்றாவது வாரம் வேறொன்று தெரிந்தது. எப்போதும் பந்தைத் தன்னிடமே வைத்திருக்கும் பையனால் இப்போது தனியாக ஓட முடியவில்லை. யாருக்காவது கொடுத்தாக வேண்டும். கோட்டோரம் நின்றுகொண்டிருந்த பெண்பிள்ளைகளுக்குப் பந்து வரத் தொடங்கியது. எல்லாரும் சமமாகத் தடுமாறினார்கள்.

தமிழ் வாசிக்கத் திணறும் ஒரு மாணவி அந்த ஆட்டத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறாள். வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. வாரத்தில் அவள் தலைநிமிர்ந்து நிற்கும் நேரம் அதுதான். தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கேட்பது பல பள்ளிகளில் வழக்கம். கேட்பவர்மேல் எனக்கு வருத்தமில்லை; பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. ஆனாலும் அந்தப் பிள்ளையைக் காட்டித்தான் நான் மறுக்கிறேன்.

மாணவர்களுக்கு நான் சொல்லும் கதை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்துடன் ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. அவரை ரஹீம் முன்வரிசைக்கு மாற்றினார். அவர் அரையிறுதியில் ஒரு கோல் அடித்தார். எதிர்ப்புக் கூச்சலிட்ட கூட்டத்தின் நடுவே நடந்த இறுதியாட்டத்தில், அதே தென் கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. ஒரு கோல் பி.கே. பானர்ஜி, மற்றொன்று ஜர்னைல். ரஹீம் அப்போது புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். 1963 ஜூனில் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன்பின் நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை. 1970இல் பாங்காக்கில் வெண்கலம் வந்தது. அந்த அணியின் பயிற்சிப் பொறுப்பில் பானர்ஜி இருந்தார்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: முதல் இரண்டு வாரம் கோல் கணக்கு வைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். பழகாத கால் விரைவில் வலிக்கும். இடக்கால் பழக்கம் உள்ள பிள்ளைகள் யார் என்று முன்பே கேட்டு, அவர்களுக்கு வலக்காலில் ரிப்பன் கட்டுங்கள்.