பாண்டோகிராட்டர் மடமும் அதன் அறச்சாசனமும்

முன்னுரை

ஓர் அறநிலையத்தின் பெருமையைக் கட்டடத்தின் உயரத்தால் அளப்பது உலக வழக்கு. அதனினும் சிறந்த அளவுகோல் அதன் சாசனமே என்பது நம் கருத்து. பைசாந்தியத் தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளின் பாண்டோகிராட்டர் மடத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

தோற்றம்

பேரரசர் இரண்டாம் யோவான் கொம்னேனோஸ் (1118-1143), ஹங்கேரி நாட்டில் பிறந்த அவர்தம் அரசியார் ஐரீன் ஆகிய இருவரும் இம்மடத்தை நிறுவினர். 1134-இல் அரசியார் மறைந்தார். அடுத்தடுத்து அமைந்த மூன்று ஆலயங்களுள் நடுவிலுள்ளது அரச குடும்பத்தாரின் அடக்கத்தலமாயிற்று. 1136 அக்டோபரில் பேரரசர் இம்மடத்திற்குத் 'திப்பிக்கோன்' எனப்படும் சாசனத்தை வழங்கினார்.

சாசனம் கூறுவன

மடத்தைச் சார்ந்த மருத்துவமனைக்கு 50 கட்டில்கள் வகுக்கப்பட்டன. காயமுற்றோர்க்கும் எலும்பு முறிந்தோர்க்கும் 10, கண், குடல் நோயினர்க்கு 8, மகளிர்க்கு 12, ஏனையோர்க்கு 20. ஒவ்வொரு பிரிவுக்கும் மருத்துவர் இருவர்; மகளிர் பிரிவில் கூடுதலாகப் பெண் மருத்துவர் ஒருவர். மருத்துவம் கற்பிக்க ஓர் ஆசிரியரும், முதியோர் 24 பேர்க்கு ஓர் இல்லமும் உண்டு. உயர்குடியினர் அழைப்பினும் மருத்துவர் நகரை விட்டுச் செல்லலாகாது என்ற விதி, ஏழை நோயாளியின் உரிமைக்கு அரணாகும். செலவுகளுக்கென நிலவருவாய் ஒதுக்கப்பட்டது. வக்ஃபு முறையை அறிந்த நமக்கு இவ்வேற்பாடு புதிதன்று.

மதிப்பீடு

குறையும் உண்டு. பெண் மருத்துவர்க்கு ஆண் மருத்துவரினும் குறைந்த ஊதியமே விதிக்கப்பட்டது. மேலும், சாசனம் உரைப்பது நடைபெற வேண்டியதையேயன்றி நடந்ததையன்று. எழுதிய யாவும் நிறைவேறின என முடிவு கட்டுதல் ஆய்வு நெறியாகாது. எனினும், நோயாளியின் தேவையைக் கட்டில் கட்டிலாக எண்ணிப் பார்த்த உள்ளத்தை அதில் காண்கிறோம்.

பிற்கால நிலை

1204 முதல் 1261 வரை நகர் இலத்தீனியர் வசமிருந்தது. 1453-இல் உதுமானியச் சுல்தான் இரண்டாம் முஹம்மது நகரை வென்றபின், இம்மடம் மதரசாவாயிற்று. அங்குக் கற்பித்த அறிஞர் ஸெய்ரெக் மொல்லாவின் பெயரே இடப்பெயராய் நிலைத்தது. ஆலயங்கள் ஸெய்ரெக் பள்ளிவாசலாயின. 1985-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இஸ்தான்புல் வரலாற்றுப் பகுதிகளுள் இதுவும் அடங்கும்.

முடிவுரை

ஆலயச் சுவர்கள் நிற்கின்றன, மருத்துவமனையோ மறைந்தது. அங்கு யார்க்கு, எத்தனை பேர்க்கு இடமளிக்க எண்ணினர் என்பதை இன்று நமக்குச் சொல்வது சாசனம் ஒன்றே. அறநிலையம் காண்போர் கல்லை நடுவதோடு அமையாது, பயன்பெறுவோரின் உரிமையையும் எழுத்தில் நிறுத்துதல் வேண்டும்.