தனியே வந்த பிள்ளையை வீட்டில் ஏற்பவர்களுக்கு

இங்கிலாந்தில் கவுன்சில் மூலம் ஃபொஸ்டர் பிள்ளை எடுக்க இருக்கிறீர்கள். வரப்போவது அநேகமாகப் பதினாறு, பதினேழு வயதுப் பெடியன். எரித்திரியா, சூடான், ஆப்கானிஸ்தான் என்று எங்கிருந்தாவது தாய்தகப்பன் இல்லாமல் வந்தவன். பல வருடம் இதைச் செய்தவள் என்ற முறையில் சிலது சொல்கிறேன்.

1. கதை கேட்காதீர்கள். லிபியாவில் என்ன நடந்தது, படகுக்கு யார் காசு கட்டினது, ஒன்றும் வேண்டாம். ஹோம் ஒஃபிஸ், சோஷல் வேர்க்கர், வக்கீல், டொக்டர் என்று எல்லோருக்கும் அவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு திகதி மாறினாலும் பொய் என்று எழுதிவிடுவார்களோ என்று பயம். வயதில் சந்தேகம் வந்தால் இரண்டு சோஷல் வேர்க்கர்கள் இருந்து மதிப்பிடுவார்கள். பெரியவன் என்று முடிவானால் பிள்ளைக்குரிய பாதுகாப்பு போய்விடும். பலருக்குக் கடுதாசியில் பிறந்தநாள் ஜனவரி 1. ஆகவே கேள்வி கேட்கிற எவரும் அவனுக்கு அதிகாரிதான். தானாகக் கதைக்கத் தொடங்கினால் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேளுங்கள். எதிரே கதிரை போட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணாதீர்கள். யாராவது மிரட்டுவதாகச் சொன்னால் சோஷல் வேர்க்கரிடம் சொல்லத்தான் வேண்டும். அதை அவனுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

2. முதல் நாள் சார்ஜர், வைஃபை. வேறெதுவும் பிறகு.

3. இரவு முழுக்க முழித்திருந்து பகலில் படுப்பான். பிரான்சில், கலேயில் லொறி ஏறப் பார்த்ததும் படகுக்குக் காத்திருந்ததும் இரவில்தான். சோம்பேறி என்ற சொல் உங்கள் வாயில் வரக்கூடாது. நடைபாதை லைட்டை அணைக்காதீர்கள், தட்டாமல் அறைக்குள் போகாதீர்கள்.

4. எரித்திரிய ஓர்த்தடொக்ஸ் பிள்ளைகளில் பலர் புதனும் வெள்ளியும் விரதம். இறைச்சி, முட்டை, பால் தொடமாட்டார்கள். நம் வீட்டில் பருப்பும் கீரையும் எந்நாளும் உண்டு, அது போதும். அவர்கள் ஊரில் சாப்பிடும் இஞ்சராவும் நம் தோசை போலப் புளிக்கவைத்த மாவில் சுடுவதுதான். என்னிடம் இருந்த பெடியன் ஒருவன் முதல் கிழமை ஒன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. தோசை வைத்த அன்று அதைப் பிய்த்து மணந்து பார்த்தான். பிறகு கையாலேயே சாம்பாரை அள்ளி மூன்று தோசை சாப்பிட்டான். கிறிஸ்மஸ் அவர்களுக்கு ஜனவரி 7. நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

5. மொழிபெயர்ப்பாளர் ஒரே மொழிக்காரர் என்பது போதாது. எந்தப் பக்கத்து ஆள் என்று அவன் யோசிப்பான். எண்பதுகளில் ஹீத்ரோவில் வந்திறங்கிய நம்மவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இவர் சரியா என்று பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள்.

6. அம்மாவைக் கூப்பிடலாம் என்று ஆறுதலுக்கும் சொல்லாதீர்கள். இந்த நாட்டின் குடும்ப இணைவு விதியில் அகதிப் பிள்ளை தாய்தகப்பனை வரவழைக்க இடமில்லை. தொடர்பு அறுந்திருந்தால் செஞ்சிலுவைச் சங்கம் இலவசமாகத் தேடித்தரும். அதுவும் அவன் ஓம் என்றால் மட்டும். தேடினால் ஊரில் ஆட்களுக்கு ஆபத்து வரும் என்று சிலர் பயப்படுவார்கள். வீட்டிலிருந்து ஃபோன் வந்தாலும் எப்போதும் சந்தோஷம் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கிறான், காசு அனுப்பு என்றும் அழைப்பு வரும். அன்று அவன் சாப்பிடாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், தட்டை மூடி வைத்துவிட்டுப் படுங்கள்.

7. பதினெட்டு வயதானால் உங்கள் வீட்டைவிட்டுப் போகவேண்டி வருமோ என்று அவன் உங்களுக்கு முதலே பயப்படத் தொடங்குவான். இரண்டு பேருக்கும் விருப்பமென்றால் 21 வரை உங்களுடனேயே இருக்க 'ஸ்டேயிங் புட்' என்ற ஏற்பாடு உண்டு. பதினேழிலேயே கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு, பதிலை அவன் கையில் கொடுங்கள்.