மீன் தொட்டிக்கு மணல் போடலாமா?

கல் பரப்பிய தொட்டியில் கோரிடோரஸ் வளர்ப்பவர்களுக்கு அந்த மீனின் பாதிக் குணம்தான் தெரியும். மணலில் விட்டுப் பாருங்கள். மூக்கைக் கண் வரைக்கும் புதைக்கும், மணலை வாயில் அள்ளும், இரையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாகத் தள்ளிவிடும். நம்மூர் அயிரையும் மணலை நம்பி வாழும் மீன்தான். கொஞ்சம் மிரண்டால் போதும், சட்டென்று புதைந்துகொள்ளும். என் இரண்டடித் தொட்டியில் கிடந்த நீலக் கற்களை அள்ளிவிட்டு மணலுக்கு மாறியது இந்த மாதிரி மீன்களுக்காகத்தான். அழகு கூடியது உபரி லாபம்.

மாறிய பிறகு ஒன்று புரிந்தது. கல்லுக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இடுக்கில் இருக்கிறது. கற்களுக்கு நடுவே இடைவெளி பெரிது. மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அதற்குள் இறங்கிக் கண்ணில் படாமல் அழுகும். மணலில் குப்பை மேலேயே தங்கிவிடும். தண்ணீரும் அவ்வளவு சுலபத்தில் உள்ளே இறங்காது. எந்த மணல், எத்தனை உயரம், எந்த ஃபில்டர், எப்படிச் சுத்தம் செய்வது எல்லாவற்றுக்கும் விடை இங்கிருந்துதான் வருகிறது.

எந்த மணல்?

வீட்டு வேலைக்கு இறக்கிய எம்-சாண்ட் வேண்டாம். கருங்கல்லை உடைத்துச் செய்தது. ஓரமெல்லாம் கூர், கூடவே கல் மாவு. மீசையால் தரையைத் துழாவும் மீனுக்கு அது ஆகாது. கடல் மணலும் வேண்டாம். உப்பைக் கழுவிவிடலாம், கலந்திருக்கும் சிப்பித் துண்டுகளை என்ன செய்வது? அவை மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஹெச் அளவையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்புமாக வரும் போர்வெல் தண்ணீரில் இது கூடுதல் தொல்லை.

உருண்ட மணிகள் கொண்ட ஆற்று மணல் நல்லது. ஆனால் ஆற்றில் போய் அள்ளிக்கொண்டு வராதீர்கள். மணல் எடுப்பதற்குச் சட்டம் இருக்கிறது. நான் போட்டது சிலிக்கா மணல். நீச்சல்குள ஃபில்டருக்கும் தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிக்கும் போடுவது; அந்தச் சாமான் விற்கும் கடைகளில் மூட்டையாகவே கிடைக்கும். மணியின் அளவு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதைவிட நைசாக இருந்தால் இறுகும், மோட்டாருக்குள்ளும் போகும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பாக்கெட் மணலும் கிடைக்கும். வெள்ளை மணலைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், ஆனால் அதன்மேல் மீன் வெளிறிக் காட்டும், ஒவ்வொரு கழிவும் எடுப்பாகத் தெரியும். பழுப்பு மணல் இரண்டையும் தாங்கும்.

எந்த மணல் வாங்கினாலும் ஒரு சோதனை. காய்ந்த மணல் ஒரு ஸ்பூன் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வினிகர் விடுங்கள். குமிழ் பொங்கினாலோ, காதருகே வைத்தால் சுர்ரென்று சத்தம் கேட்டாலோ சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எவ்வளவு வாங்குவது?

தொட்டியின் நீளம், அகலம், மணல் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். ஒரு லிட்டர் காய்ந்த மணல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 60-க்கு 30 தொட்டியில் 4 சென்டிமீட்டர் போட 7.2 லிட்டர், அதாவது 11 கிலோ. கழுவும்போது கொஞ்சம் போகும் என்பதால் 12 கிலோ வாங்குங்கள். மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் போதும். அதற்குமேல் போனால் அடியில் காற்றுப் புகாது.

கழுவுவதுதான் பாதி வேலை

"கழுவினதுதான் சார், அப்படியே கொட்டிக்கலாம்" என்பார் கடைக்காரர். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கழுவுங்கள். பக்கெட்டில் கால் பங்குக்கு மேல் மணல் போடக் கூடாது. குழாயை அடிவரை நுழைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அரிசி களைவதுபோல் கையால் அலசி, கலங்கிய தண்ணீரைச் சாய்த்துவிட வேண்டும். முதலில் பால் மாதிரி வரும், பிறகு மோர் மாதிரி. மணலைக் கிளறிய பிறகும் தண்ணீருக்குள் உங்கள் நகம் தெளிவாகத் தெரிந்தால் போதும். கடைசி அலசலுக்கு ஆன்டி-குளோரின் விட்ட தண்ணீர் நல்லது. அழுக்குத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றினால் மணல் குழாய் வளைவில் தங்கி அடைத்துக்கொள்ளும். மொட்டை மாடித் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிடுங்கள்.

ஓடும் தொட்டியில் போடுவது

கல்லின் மேலேயே மணலைப் பரப்பலாமே என்று தோன்றும். நிற்காது. மணல் இடுக்கில் இறங்கும், கல் மேலே ஏறும். கல்லை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா கல்லிலும் குடியிருக்கிறது. ஒரே நாளில் மொத்தத்தையும் எடுக்காமல் இந்த வாரம் பாதி, அடுத்த வாரம் பாதி என்று எடுங்கள். அள்ளும்போது அடியில் கிடக்கும் அழுக்கெல்லாம் கிளம்பும். அதற்கு முன்பே மீன்களைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டுக்கு மாற்றி ஏர் ஸ்டோன் போட்டுவிடுங்கள்.

அண்டர் கிராவல் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அது கற்களின் இடுக்கு வழியாகத் தண்ணீரை இழுத்து வேலை செய்வது. மணல் அதன் துளைகளை அடைக்கும், இல்லையென்றால் அடியில் இறங்கும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாங்கி, பழைய ஃபில்டருடன் சேர்த்து ஒரு மாதம் ஓடவிடுங்கள். பாக்டீரியா அதில் ஏறிய பிறகு பழையதைக் கழற்றலாம்.

பெரிய பாறை இருந்தால் மணலுக்கு முன்பே அடிக் கண்ணாடிமேல் உட்கார வையுங்கள், அடியில் தெர்மகோல் துண்டோ மெல்லிய ஃபோமோ வைத்து. மணல்மேல் வைத்தால் தோண்டும் மீன் அடியைப் பறித்துப் பாறையைச் சாய்த்துவிடும்.

மணல் போடும்போது ஃபில்டர் மோட்டாரை நிறுத்துங்கள். மணலை ஈரமாகவே எடுங்கள். காய்ந்த மணலைத் தூவினால் கொஞ்சம் மேலே மிதந்துகொண்டு நிற்கும். டம்ளரில் நிரப்பி, அடிவரை இறக்கி, மெல்லச் சாய்த்தால் கலங்கல் குறைவு. புதிதாகத் தண்ணீர் நிரப்பும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றுங்கள். கலங்கல் அடங்கியதும் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும். நாள் முழுக்க நிறுத்திவைத்தால் ஃபில்டர் பாக்டீரியா செத்துப்போகும். தண்ணீர் இழுக்கும் வாய் மணலிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் இருக்கட்டும். லேசான மங்கல் ஓரிரு நாளில் தெளியும். அதற்குள் அடைத்துக்கொள்ளும் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

அதற்குப் பிறகு

கல்லில் சைஃபனைக் குத்தி உறிஞ்சிய பழக்கம் இங்கே உதவாது. குழாயை மணலுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே பிடித்து வட்டமாகச் சுழற்றினால் குப்பை தானாகக் கிளம்பி உள்ளே போகும். மணலும் ஏறினால் டியூபை ஒரு நொடி நசுக்குங்கள். கனமான மணல் கீழே விழுந்துவிடும்.

தண்ணீர் மாற்றும் நாளில் விரலாலோ குச்சியாலோ மணலை லேசாகக் கிளறுங்கள். விட்டுவிட்டால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்து கருப்புத் திட்டு விழும்; கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழ் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். அப்படித் திட்டு விழுந்துவிட்டால் ஏர் பம்பை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையுங்கள், ஒரேயடியாக அல்ல. மணலுக்குள் ஊரும் மலேசியன் டிரம்பெட் நத்தையும், வேர் விடும் வாலிஸ்நேரியாவும் இந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். மணலில் சத்து இல்லை என்பதால் செடியின் வேரருகே ரூட் டேப் புதைக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் படியும் பழுப்புப் பாசிக்குப் பயந்து மருந்து ஊற்றாதீர்கள். துடைத்துவிட்டால் போதும், பெரும்பாலும் தானே குறையும்.

எல்லாருக்கும் மணல் தேவையில்லை. மேல்நீரில் திரியும் கப்பி, மோலி மட்டும் இருக்கிறது, அண்டர் கிராவல் ஃபில்டரும் நன்றாக ஓடுகிறது என்றால் கல்லைத் தொடாதீர்கள். கோரிடோரஸ், லோச், அயிரை, கல்லை வாயில் போட்டுச் சிக்கிக்கொள்ளும் கோல்ட்ஃபிஷ் இவற்றில் ஏதாவது இருந்தால் மணலுக்கு மாறலாம். புதிதாகத் தொட்டி வாங்குகிறவர்களுக்கு இன்னும் சுலபம்: மீனை முதலில் முடிவு செய்யுங்கள், தரையை அது சொல்லும்.