வைட்டமின் சி சீரம்: வெயிலில் வைத்தால் முதலுக்கே மோசம்



சோப்பு, பவுடர், ஷாம்பு சாஷே என்ற அளவில் இருந்த நமது அழகுப் பொருள் அலமாரியில் இன்று சீரம் என்ற சிறு குப்பிகளும் இடம் பிடித்துவிட்டன. எங்கள் கடையில் அவற்றில் அதிகம் கேட்கப்படுவது வைட்டமின் சி சீரம். அந்தச் சரக்கைப் பற்றி, நாங்கள் பட்ட நஷ்டத்தையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

இரண்டு டஜன் எடுத்தால் மூன்று இலவசம் என்று ஏஜென்சிக்காரர் சொன்னார். எம்.ஆர்.பி. 249 ரூபாய். நல்ல மார்ஜின். யோசிக்காமல் எடுத்தோம். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தெருவைப் பார்த்த கண்ணாடி ஷோகேஸில் அடுக்கினோம். மாலை வெயில் நேராக விழும் இடம் அது. 11 குப்பிகள் விற்றன. ஒரு மாதம் கழித்து, பல வருடங்களாக நம்மிடமே மாதச் சாமான் வாங்கும் வீட்டுப் பெண் ஒருவர் குப்பியோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பக்கத்து வீட்டு அக்கா வாங்கினப்ப தண்ணி மாதிரி இருந்துச்சு. எனக்கு மட்டும் டீ டிகாஷன் மாதிரி குடுத்திருக்கீங்களே?"

ஷோகேஸைத் திறந்து பார்த்தால் மீதியிருந்த 9 குப்பிகளும் அதே நிறம். பின்கட்டில் அட்டைப் பெட்டியிலேயே கிடந்த 7 குப்பிகள் மட்டும் தெளிவாக இருந்தன. அந்தப் பெண்ணுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஏஜென்சியில் கேட்டதற்கு, "காலாவதிக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறதே" என்று கையை விரித்துவிட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் லேபிளைப் படித்தபோது, நேரடி வெயில் படாமல் குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. படிக்காதது நம் தவறு.

காரணம் இதுதான். இந்தக் குப்பிகளில் பெரும்பாலும் இருப்பது எல்-அஸ்கார்பிக் ஆசிட். காய்ந்த பொடியாக இருக்கும்வரை கெடாது. தண்ணீரில் கரைந்ததும் காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதைத் தாக்கத் தொடங்கும். பிழிந்து வைத்த எலுமிச்சைச் சாறு நாள்பட நிறம் மாறுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, ஏறக்குறைய அதே சங்கதி. முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் பழுப்பு. பழுப்பானால் சத்து பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள். சிலருக்குத் தோலில் கறையும் பிடிக்கும். ஆகவே காலாவதித் தேதி என்பது சரியாக வைத்த சரக்குக்கு மட்டுமே. தயிரை வெயிலில் வைத்துவிட்டுத் தேதியைக் காட்டிப் பேச முடியாது.

மிச்சமிருந்த ஏழில் மூன்றைச் சோதனைக்கு எடுத்தோம். ஒன்று ஷோகேஸில், ஒன்று கல்லாவுக்குக் கீழ் இழுப்பறையில், ஒன்று பால் வைக்கும் பிரிட்ஜின் கதவில். மூன்றையும் தினம் ஒருமுறை திறந்து மூடினோம். ஷோகேஸ் குப்பி மூன்றாவது வாரத்திலேயே பழுத்துவிட்டது. ஆறு வாரம் ஆனபோது இழுப்பறைக் குப்பியில் வெளிர் மஞ்சள். பிரிட்ஜில் இருந்தது வந்த நிறத்திலேயே இருந்தது. அதைத்தான் எங்கள் வீட்டு மருமகள் பயன்படுத்திப் பார்த்தார். முதல் இரண்டு நாள் சுள்ளென்று எரிந்தது, பிறகு இல்லை. இரண்டு மாதத்தில் பழைய பருத் தழும்பு ஓரளவு மங்கியது, முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நிறம் ஒன்றும் வெளுக்கவில்லை. வெளுக்கும் என்று நாமும் சொல்லி விற்கக் கூடாது.

விலை குறைந்தது மட்டமா என்று வாடிக்கையாளர் கேட்பார்கள். அஸ்கார்பிக் ஆசிட் அரிய பொருள் அல்ல. 1933-லேயே அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டு, இன்று டன் கணக்கில் உற்பத்தியாகிறது. விலை ஏறுவது பெரும்பாலும் குப்பியிலும், கெடாமல் காக்கும் சேர்மானத்திலும், விளம்பரத்திலும்தான். எனவே மலிவானதும் புதிதாக இருந்தால் வேலை செய்யும். மலிவுச் சரக்கில் நாம் முதலில் பார்க்க வேண்டியது குப்பியை. வெள்ளைக் கண்ணாடி டிராப்பர் குப்பி வேண்டாம். பழுப்புக் கண்ணாடி, காற்றுப் புகாத பம்ப், அலுமினிய டியூப் இவை பரவாயில்லை. சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட், எத்தில் அஸ்கார்பிக் ஆசிட் என்று லேபிளில் இருந்தால் அவை வைட்டமின் சி-யின் மாற்று வடிவங்கள். வேகம் சற்றுக் குறைவு என்றாலும் எளிதில் கெடாது, எரிச்சலும் குறைவு. நம்மூர் சூட்டுக்கும் நம் கடை வசதிக்கும் இவையே ஏற்றவை என்பது எங்கள் அபிப்பிராயம்.

சதவீதத்தில் மயங்க வேண்டாம். 10 முதல் 20 வரை போதும்; அதற்கு மேல் போனால் எரிச்சல்தான் கூடும். சேர்மானப் பட்டியலில் அதிகம் சேர்ந்தது முதலிலும் குறைந்தது பின்னாலும் வரும். அட்டையில் ஆரஞ்சுப் பழப் படம் பெரிதாக இருந்து, பட்டியலில் வைட்டமின் கடைசியில் ஒதுங்கியிருந்தால் அது பெயருக்குத்தான். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் நம்பர், தேதி, எம்.ஆர்.பி. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கொள்முதல் செய்யாதீர்கள். இதைப் போலவே முகத்துக்கு என்று கேட்டு வரும் ஸ்டீராய்டு களிம்புகள் வேறு இனம், அவை மருந்து. மருந்து உரிமம் இல்லாத கடையில் அவற்றை வைக்கவே கூடாது.

விற்கும்போது இரண்டு வார்த்தை சொன்னால் போதும். முதலில் முன்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடச் சொல்லுங்கள். பகலில் மேலே சன்ஸ்கிரீன் போடச் சொல்லுங்கள். (அதையும் நாமே விற்கலாம்.) "எலுமிச்சம்பழத்தையே தேய்க்கலாமே" என்பவர்களுக்கு, வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் புளிப்பு தோலைப் புண்ணாக்கும், சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரக்கூடும். மங்கு உள்ளவர்களை டாக்டரிடம் அனுப்புவதே நல்லது.

இப்போது நாங்கள் ஆறு ஆறாகத்தான் எடுக்கிறோம். இலவசக் குப்பி வேண்டாம், நிறம் மாறிய சரக்கை ஒரு மாதத்துக்குள் மாற்றித் தர வேண்டும் என்று பேசி, அதை பில்லிலேயே எழுதி வாங்குகிறோம். ஷோகேஸில் காலி அட்டை மட்டும் நிற்கிறது. குப்பி இழுப்பறையில், வந்த தேதி எழுதிய துண்டுச் சீட்டோடு.